தம்பலகாமம் பக்கம் ஈரநிலத் திட்டம்: மீன், தவளை வாழிடத்தை எப்போது பார்ப்பது?

கோடையில் காய்ந்து கிடக்கும் பள்ளத்தைப் பார்த்து ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று அறிக்கை எழுதலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே கூடாது. தம்பலகாமம் இருக்கும் திருகோணமலைக்குப் பெருமழை ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரைதான், தவளைகள் முட்டையிடுவதும் குளத்து மீன்கள் வாய்க்கால் வழியே வயலுக்கு ஏறுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

மழை விட்ட இரவில் டோர்ச்சோடு போய்ச் சத்தத்தைக் கேளுங்கள். தண்ணீருக்கு மேலே சாய்ந்த கிளையில் வெள்ளை நுரைக்கட்டி தொங்கினால் அது மரத்தவளையின் கூடு, வாற்பேத்தைகள் அதிலிருந்து நேரே தண்ணீரில் விழும், அதனால் குட்டையை அப்படியே விட்டுக் கரைமரத்தை மட்டும் வெட்டினாலும் அங்கே அதன் இனப்பெருக்கம் நின்றுவிடலாம். மீனுக்கு மதகு, வாய்க்கால் அடைபடுகிறதா என்று பாருங்கள். அப்புறம், கண்ட இனங்களை 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணைகளோடு ஒப்பிடுங்கள். வலை போடுவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே எடுங்கள்.