எந்தப் பாட்டைப் போட்டுச் சோதிப்பது? – கேள்வி பதில்

நாகர்கோவிலில் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்பது எங்கள் சிறிய வட்டத்தின் வழக்கம். உயர்தர ஒலிக்கருவிகளைச் சோதிப்பதற்கு ஏற்ற பதிவுகளைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை என்னைப் பதில் எழுதச் சொன்னார்கள். ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பதும் ஸ்பீக்கர் பெட்டி செய்வதும் முப்பது ஆண்டுகளாக என் தொழில்.

தக்கலை வாசகர்: அண்ணாச்சி, இரண்டு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் வாங்கத் திருவனந்தபுரத்துக்குப் போகும்போது எந்தெந்தப் பாட்டுகளைக் கொண்டுபோக வேண்டும்? எல்லோரும் பயன்படுத்தும் பட்டியல் ஒன்று தாருங்கள்.

தம்பி, எல்லோரும் பயன்படுத்தும் பட்டியல் உங்களுக்கு உதவாது. கடையில் வழக்கமாகப் போட்டுக்காட்டும் பதிவுகள் எந்தக் கருவியிலும் நன்றாகக் கேட்பவை. அதற்காகவே அவற்றைப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகரக் கடையில், மணியோசையும் அடிவயிற்றைத் தொடும் பேஸ் என்ற தாழ்ந்த ஒலியும் நிறைந்த ஒரு பதிவைக் கேட்டு மயங்கி ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். வீட்டில் எனக்குப் பழக்கமான வாய்ப்பாட்டைப் போட்டபோது, பாடுகிறவருக்கு ஜலதோஷம் பிடித்தது போலக் குரல் மூக்கில் ஒலித்தது. அந்த மணியோசைப் பதிவில் மனிதக் குரலே இல்லாததால் கடையில் அந்தக் குறை வெளிப்படவில்லை.

ஆகவே இரண்டு தகுதிகளைப் பாருங்கள். பதிவில் உள்ள இசைக்கருவியையோ குரலையோ, மைக் இல்லாமல், நேரில், பத்தடி தூரத்தில் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பதிவையும் குறைந்தது ஐம்பது தடவையாவது கேட்டு, எந்த இடத்தில் பாடகர் மூச்சு வாங்குகிறார், எந்த இடத்தில் மிருதங்கக்காரர் அடியை மெல்லத் தணிக்கிறார் என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். சிந்தசைசரில் உருவாக்கிய ஓசை உண்மையில் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஸ்பீக்கர் அதைத் திரித்தாலும் நமக்குத் தெரியாது. கோயில் திருவிழாவில் தவிலுக்கு அருகே நின்று வளர்ந்தவருக்கு, தவில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நினைவை அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஐந்தாறு பதிவுகள் போதும். அவற்றுள் ஒன்றிரண்டு சுமாரான பதிவுகளாகவும் இருக்கட்டும். நாம் அன்றாடம் கேட்கப்போவது பெரும்பாலும் அப்படிப்பட்டவற்றைத்தான்.

பூதப்பாண்டி வாசகர்: நாதஸ்வரத்தை எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் காதைக் குத்துகிறது. அது சோதனைக்கு ஏற்றதுதானா?

என் அனுபவத்தில் அதைவிடக் கடுமையான சோதனை இல்லை. வாயில் வைத்து ஊதும் சீவாளியில் பிறக்கும் ஒலியில் மேல்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள், மிக அதிகம். அவற்றில் பல 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையிலான பகுதியில் விழுகின்றன. நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அதே பகுதியில்தான். பல ஸ்பீக்கர்களில் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் ஊஃபர் விட்டு, உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டர் எடுத்துக்கொள்ளும் எல்லையும் அங்கேயே அமைகிறது. அந்த இணைப்பில் சிறு பிசகு இருந்தாலும் நாதஸ்வரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் குத்துவது ஸ்பீக்கரா, பதிவா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கூம்பு ஒலிபெருக்கிக்காக வைத்த மைக்கிலிருந்து எடுத்த திருவிழாப் பதிவில் ஒலி முன்பே சிதைந்திருக்கும். எத்தனை லட்சம் செலவழித்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அரங்கத்திலோ ஒலிப்பதிவுக் கூடத்திலோ எடுத்த பதிவைத் தேர்ந்தெடுங்கள். உரக்க வாசிக்கும்போதும் வாசிப்பவரின் குழைவும் கமகத்தின் வளைவும் தெளிவாகத் தெரிந்தால் அது நாதஸ்வரத்துக்கே உரிய கூர்மை. உரக்க வாசிக்கும் இடங்களில் எல்லாச் சுரங்களும் ஒரே தகர ஓசையாக மாறினால் அது ஸ்பீக்கரின் குறை.

தவிலில் வலக்கை விரல்கள் கூடு அணிந்தவை; இடக்கையில் கழி. விரல் கூட்டின் அடி சுள்ளென்று தொடங்கி உடனே முடிய வேண்டும். கழியின் அடி கனத்தோடு விழ வேண்டும். வேகமான சொற்கட்டில் இந்த இரண்டும் கலந்து ஒரே இரைச்சலாகிவிட்டால், அந்த ஊஃபருக்கு வேகம் போதாது, அல்லது ஆம்ப்ளிஃபயரால் அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

மார்த்தாண்டம் இளைஞர்: சார், என்னிடம் சி.டி. எதுவும் இல்லை. போனில் யூடியூபைத் திறந்து, புளூடூத் வழியாகக் கேட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. சி.டி.யில் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் வீதம் ஓடுகிறது. பழைய 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான் எஞ்சும். காதுக்கு எட்டாது என்று கணக்கிட்ட பகுதிகள் களையப்பட்டிருக்கும். யூடியூபும் சுருக்கிய ஒலியையே தருகிறது. புளூடூத்தில் அது இன்னொரு முறை சுருங்குகிறது. அதன்பின் கேட்கும் குறை ஸ்பீக்கருடையதா, கோப்புடையதா என்று உங்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எம்பி3 முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், அமெரிக்கப் பாடகி சுசான் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் தன் சோதனைக்கு வைத்துக்கொண்டார். மற்ற இசையைச் சமாளித்த அந்த முறை, இந்தத் தனிக்குரலைத் தொடக்கத்தில் கெடுத்துவிட்டது. அது சரியாக ஒலிக்கும்வரை அவர் திருத்திக்கொண்டே இருந்தார். பெரிய வாத்தியக் கூட்டத்தைவிடத் துணையில்லாத ஒரு குரல் கடினமான சோதனை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நீங்களும் சி.டி.யிலிருந்து ஃபிளாக் வடிவில் (ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை) எடுத்த தனிக்குரல் பதிவு ஒன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு, கம்பிவழி இணைத்துக் கேளுங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் சீறுகின்றனவா என்று கவனியுங்கள்.

இரணியல் வாசகி: எங்கள் அம்மன் கோயில் கொடையில் நடந்த வில்லுப்பாட்டை நானே சிறிய ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இதெல்லாம் சோதனைக்கு ஆகுமா?

அம்மா, வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது உங்களுடையதுதான். பதிவு நடந்தபோது நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். எந்தக் கடையின் பதிவிலும் கிடைக்காத தகுதி அது. உண்மை ஒலி உங்கள் காதில் இருக்கிறது.

வில்லுப்பாட்டின் வாத்தியங்களை எண்ணிப் பாருங்கள். வில்லில் தொங்கும் மணிகளும் ஜால்ராவும் ட்வீட்டரைச் சோதிக்கும். மணியின் ரீங்காரம் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்க வேண்டும். நடுவில் அறுபட்டால் நுட்பம் போதாது. உடுக்கையின் ஒலி, இழுத்துவிடும் கயிற்றுக்கு ஏற்ப ஏறி இறங்குவது நடுப்பகுதியை, அதாவது தாழ்ந்ததும் உயர்ந்ததும் அல்லாத நடுத்தரச் சுரங்களை, சோதிக்கும். குடத்தின் வாயில் விழும் அடியில், உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து எழுப்பும் கும்மென்ற ஒலியோடு மண்ணின் ஓசையும் சேர்ந்து வர வேண்டும். கும்மென்ற ஒலி மட்டும் வந்தால் அது ஸ்பீக்கர் பெட்டியின் சொந்த ஒலி. இவை அனைத்துக்கும் நடுவே புலவர் சொல்லும் கதையும், பின்பாட்டுக்காரர் போடும் 'ஆமா'வும் தனித்தனியே கேட்க வேண்டும்.

அடுத்த முறை பதிவு செய்யும்போது ரெக்கார்டரின் தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். அது மெல்லிய இடங்களை உயர்த்தியும் பலத்த இடங்களை அமுக்கியும் பதிவைத் தட்டையாக்கிவிடும். 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். கூம்பு ஒலிபெருக்கியின் நேர் எதிரே வைக்காமல், ஆடுபவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் இடைஞ்சல் இல்லாதபடி மேடைக்கு அருகே வையுங்கள்.

குளச்சல் வாசகர்: பேஸ் எப்படி இருக்கிறது என்று எதைப் போட்டுப் பார்ப்பது? கடையில் அதிர்ந்த ஸ்பீக்கர் எங்கள் வீட்டில் ஒரு சுரத்துக்கு மட்டும் முழங்குகிறது.

அது உங்கள் அறையின் வேலை. பன்னிரண்டடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸிலும், பத்தடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸிலும் ஒலி தேங்கி முழங்கும். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் வீடே பாடும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தி, நீங்கள் உட்காரும் இடத்தையும் சற்று மாற்றிப் பாருங்கள்.

பதிவைப் பொறுத்தவரை, படிப்படியாக ஏறி இறங்கும் டபுள் பேஸ் வாசிப்பு ஒன்று வேண்டும். எல்லாச் சுரங்களும் ஒரே கனத்தில் கேட்கின்றனவா என்பதை அது சொல்லும். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் அதைவிட நுட்பமான சோதனை. வலந்தலை என்னும் வலப்பக்கத் தோலில் பூசிய கரணை என்ற கருநிறச் சாந்தால்தான் அதன் மேல்சுரங்கள் ஒழுங்கான சுருதியில் அமைகின்றன என்பதை சி. வி. ராமன் 1920-லேயே சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதிக் காட்டினார். எனவே வலந்தலையில் விழும் 'சாபு' அடியில் சுருதி தெளிவாகத் தெரிய வேண்டும். தொப்பி என்னும் இடப்பக்கத் தோலில் விழும் 'தொம்' உருண்டு திரண்டு வர வேண்டும். வெறும் தட்டலாகக் கேட்டால் அந்த ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள்.

மெதுவாக வைத்துக் கேட்டுப் பேஸ் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். ஒலியளவு குறையும்போது தாழ்ந்த சுரங்களுக்கு நம் காதின் உணர்வு வேகமாகக் குறைகிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து காட்டிவிட்டார்கள். சிலர் டெலார்க் இசைத்தட்டு நிறுவனத்தின், பீரங்கி வெடிக்கும் '1812' (சைக்கோவ்ஸ்கியின் வாத்திய இசை) பதிவைப் போட்டு வீரம் காட்டுவார்கள். ஊஃபர் கிழிந்தால் கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

தோவாளை வாசகர்: பழைய மோனோ பாட்டுகள்தான் எனக்கு உயிர். அவற்றை வைத்துச் சோதிக்கலாமா?

தாராளமாக. மோனோ பதிவில் இரண்டு ஸ்பீக்கருக்கும் போவது ஒரே ஒலி. ஆகவே குரல் இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். பரவலாகச் சிதறிப் பேஸும் மெலிந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கரின் கம்பியைக் கூட்டல் கழித்தல் மாற்றி இணைத்திருக்கிறீர்கள். கொஞ்சும் சலங்கை (1962) படத்தின் 'சிங்கார வேலனே தேவா' பாட்டில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. இரண்டின் தன்மையும் கலந்துவிடாமல் தனித்து ஒலித்தால் உங்கள் கருவியின் நடுப்பகுதி நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

நாகர்கோவில் வாசகர்: ஒலிமேடை, ஆழம் என்கிறார்களே, அது எந்தப் பதிவில் தெரியும்?

ஒலிமேடை என்பது வாத்தியங்கள் நம் முன்னே தத்தம் இடத்தில் நிற்பது போன்ற தோற்றம். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் கல் பிரகாரத்தில் நின்று, தூரத்து நாதஸ்வரத்தைக் கண்மூடிக் கேட்டிருப்பீர்கள். வாசிப்பவர் எங்கே நிற்கிறார், கற்சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். பத்திருபது மைக் வைத்துத் தனித்தனியே பதிந்து, பிறகு கலந்த பாட்டில் அந்த இடம் என்பதே கிடையாது. கலந்தவர் விரும்பியபடி அது அமைகிறது. இரண்டு மைக் மட்டும் வைத்து எடுத்த பதிவில்தான் உண்மையான இடம் இருக்கும். விஷ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் ரை கூடரின் ஸ்லைடு கிடாரும் சேர்ந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' (1993) ஒரு தேவாலயத்தில் அப்படிப் பதியப்பட்டது. எந்த வாத்தியம் எந்தப் பக்கம் என்பதைவிட, வாத்தியங்கள் ஓய்ந்த கணத்தில் அந்தக் கூடத்தின் காற்று கேட்கிறதா என்று பாருங்கள்.

அதே வாசகர்: இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிடும்போது?

இரண்டின் ஒலியளவையும் முதலில் அளந்து சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது சத்தமாகத் தோன்றாது, மேலானதாகத் தோன்றும். விற்பவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

குலசேகரம் வாசகர்: எங்கள் வீடு ஓட்டு வீடு. மழைக்காலத்தில் சோதிக்கலாமா?

மழை விட்டபின் இரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். விசிறி சுற்றும்போது தம்புராவின் இழை முழுவதும் அந்த இரைச்சலில் மறைந்துபோகும். கேட்பதற்கு முன் ஸ்பீக்கர் கம்பிகளின் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் செம்பு பச்சை பிடித்திருந்தால் நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி இணையுங்கள்.