கடலூரில் பிரேக் வேலைக்குக் கொடுத்த எஸ்டிமேட் நியாயமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன் பிரேக்கில் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), பேடு (அதை அழுத்திப் பிடிக்கும் கட்டை) இரண்டையும் மாற்றச் சொல்லி மொத்தமாக ஒரு தொகை எழுதியிருக்கிறார்கள் என்கிறீர்கள். முதலில் பார்ட்ஸ் தனி, லேபர் தனி என்று பிரித்துக் கேளுங்கள். பார்ட்ஸ் டப்பாவில் உள்ள எம்.ஆர்.பி.யில் வரியும் அடக்கம். அதன் மேல் ஜி.எஸ்.டி. போட்டால் விடாதீர்கள். லேபருக்கு 18% உண்டு, அது சரிதான்.

டிஸ்க் நிஜமாகவே தேய்ந்திருக்கிறதா? பெரும்பாலும் டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவி வைத்து உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். அளவு அதற்கு மேல் இருந்து, ஆழமான கோடோ விரிசலோ அதிர்வோ இல்லையென்றால் பேடு மட்டும் போதும். நம்ம ஊர் உப்புக்காற்றில் வண்டியை நாலு நாள் நிறுத்தினாலே டிஸ்க்கில் செம்பழுப்பாகத் துரு படரும். ஓட்டி நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். அதைக் காட்டித்தான் என்னிடம் ஒருவர் புது டிஸ்க் விற்கப் பார்த்தார்!

அப்புறம், புதுச்சேரி பக்கம்தானே, அங்கேயும் ஒரு எஸ்டிமேட் வாங்குங்கள்.