48 குரோமோசோம்கள் 46 ஆனது எப்படி?

சிம்பன்சிக்கு 48, மனிதருக்கு 46 என்றால் மீதி எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அவை தொலைந்துபோகவில்லை, மூதாதையரிடம் தனித்தனியாக இருந்த இரண்டு குரோமோசோம்கள் மனித மரபுவழியில் முனையோடு முனை இணைந்து, நமது இரண்டாம் குரோமோசோமாக மாறின. ஒவ்வொரு குரோமோசோமும் ஜோடியாக இருப்பதால், மொத்த எண்ணிக்கை இரண்டு குறைந்தது.

எண்ணிக்கை குறைந்தால் மரபணுக்களும் அழிந்திருக்க வேண்டும் என்று கருதியதே உங்கள் ஐயத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

இணைப்பின் தழும்பு இன்றும் இருக்கிறது. வழக்கமாகக் குரோமோசோமின் நுனிகளில் காணப்படும் டெலோமியர் என்னும் டிஎன்ஏ வரிசைகள், இரண்டாம் குரோமோசோமின் உட்பகுதியில் ஒன்றையொன்று நோக்கி முட்டிக்கொண்டு நிற்பதை 1991-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதே குரோமோசோமில், செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்க உதவும் பகுதி, வழக்கமாக ஒன்றே இருக்கும்) எச்சமும் உள்ளது. பரிணாமத்துக்கான சான்றுகளில் இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குப் புலப்படுபவை சிலவே என்பது என் கருத்து.

நீங்களே சரிபார்க்கலாம்:

1. என்செம்பிள் (Ensembl) போன்ற பொது மரபணுத்தொகைத் தளத்தில் பிஓஎம்சி (POMC), ஹாக்ஸ்டி13 (HOXD13) ஆகிய மரபணுக்களைத் தேடுங்கள். மனிதரில் இரண்டும் இரண்டாம் குரோமோசோமில்தான் இருக்கும்.

2. பிறகு சிம்பன்சியில் தேடுங்கள். நமது இரண்டாம் குரோமோசோமுக்கு ஈடாகச் சிம்பன்சியில் தனித்தனியாக உள்ள இரண்டில், முதலாவது மரபணு 2ஏ-யிலும் (2A) மற்றது 2பி-யிலும் (2B) கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை: இணைப்புப் பகுதியின் டெலோமியர் வரிசைகள் காலப்போக்கில் சிதைந்துள்ளன, அங்கே பிழையற்ற வரிசையை எதிர்பார்க்க வேண்டாம். மேலும், இணைப்பு நிகழ்ந்தது என்பது மட்டுமே பொது மூதாதையை நிறுவிவிடாது. இரு இனங்களிலும் மரபணுக்கள் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பதையும், வைட்டமின் சி உருவாக்கத்துக்கான மரபணு இரண்டிலும் பழுதடைந்திருப்பதையும் இதனுடன் சேர்த்தே வாதிட வேண்டும்.