வாய்மொழித் தேர்வும் பொதுச் சொற்பொழிவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கணித முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு 45 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து இயல்களுக்கு 90 சிலைடுகள் தயார். வேகமாகப் பேசி முடித்துவிடலாமா? (ஆய்வு மாணவி, கோவை)

பதில்: நீங்கள் முடித்துவிடுவீர்கள், கேட்பவர் மனத்தில் ஒன்றும் நிற்காது. 1900-இல் பாரிஸ் கணித மாநாட்டுக்காக ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் எழுதியவை அதுவரை தீராத 23 கணக்குகள். மேடையில் எடுத்துப் பேசியது பத்து மட்டுமே. உங்கள் ஐந்து இயல்களையும் தேர்வாளர் முன்பே படித்துவிட்டார். பின்புலத்துக்குப் பத்து நிமிடம், முதன்மைத் தேற்றம் ஒன்றுக்கு இருபது, மற்றவற்றுக்கு மீதி. சிலைடு இருபத்தைந்தைத் தாண்ட வேண்டாம். தேற்றத்தைச் சொல்வதற்கு முன் ஓர் எடுத்துக்காட்டு கொடுங்கள். நிபந்தனையை நீக்கினால் தேற்றம் எங்கே உடைகிறது என்பதற்கும் ஒன்று கொடுங்கள்.

கேள்வி: ஆய்வேடு குறைந்தது எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? (ஆய்வாளர், சேலம்)

பதில்: 1950-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நாஷ் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேடு முப்பது பக்கம்கூட இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் வரம்பு வைத்திருந்தால் அதன்படி நடங்கள். பாடநூல் வரையறைகளைக் கொட்டிப் பக்கம் நிரப்பாதீர்கள்.

கேள்வி: வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கும் முக்கியக் கேள்விகளை உடனே அனுப்பவும். அவசரம். (பெயரும் ஊரும் இல்லை)

பதில்: கோட்டுருவியலா, இயற்கணிதமா, வகைக்கெழுச் சமன்பாடுகளா? தலைப்பைக்கூட எழுதாமல் கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்? தேர்வாளர்கள் அனுப்பிய மதிப்பீட்டு அறிக்கைகளை, உங்கள் ஆய்வை வழிநடத்தும் நெறியாளரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் எழுப்பிய ஐயங்கள்தான் தேர்வு அவையிலும் வரும். அடுத்த முறை கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: என் நெறியாளர் நான்கு கேள்விகளை எழுதி, அவற்றை இளைய ஆய்வாளர்களிடம் கொடுத்து அவையில் கேட்க வைக்கச் சொல்கிறார். எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம் என்கிறார். செய்யலாமா? (ஆய்வாளர், திருச்சி)

பதில்: செய்யாதீர்கள். பல இடங்களில் நடக்கிறது என்பது உண்மைதான். நான் தேர்வாளராக உட்கார்ந்த அவைகளிலேயே, துண்டுச்சீட்டைப் பார்த்துக் கேள்வியை வாசிப்பதையும், வாசித்து முடிப்பதற்குள் திரையில் பதில் வந்து நிற்பதையும் பலமுறை பார்த்துவிட்டேன். பிறகு பொன்னாடை, நன்றியுரை, குழுப் படம், விருந்து. ஒன்றரை மணி நேரத்தில் கணிதம் பேசியது அரை மணிகூடத் தேறாது. உதவித்தொகையிலிருந்து அந்த விருந்துக்குச் செலவழிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. துறைத் தலைவர்கள் நினைத்தால் இதை நாளைக்கே நிறுத்தலாம்.

கணிதத்தில் ஆய்வுக்கூடம் இல்லை, மாதிரிகள் இல்லை. நிரூபணத்தை இன்னொருவர் வரி வரியாகக் கேட்டு, ஐயப்பட்டு, ஒப்புக்கொள்வதுதான் ஒரே சோதனை. அதற்காகத்தான் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறையும் வாய்மொழித் தேர்வை ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவை எழுதிக் கொடுத்த கேள்விகளால் அடைப்பது, நான்கைந்து ஆண்டுகள் உழைத்த உங்களுக்கே செய்யும் அநீதி.

யாரும் கேட்காவிட்டால் அவமானம் என்று உங்கள் நெறியாளர் அஞ்சுகிறார். ஐந்தாவது சிலைடிலேயே வழி தவறிவிட்டவர்கள் எப்படிக் கேட்பார்கள்? மீண்டும் சொல்கிறேன்: முதலில் எடுத்துக்காட்டு. இரண்டு வாரம் முன்பே வேறு பிரிவு ஆய்வாளர்களைக் கூட்டி, சிலைடு இல்லாமல் சாக்பீசை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுங்கள். “எழுதிக் கொடுக்கும் கேள்விகளை விட்டுவிட்டு இப்படி ஒரு முன்னோட்டம் வைத்துக்கொள்ளலாம், ஐயா” என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அவையில் பதில் தெரியாத கேள்வி வந்தால், “இந்த நிபந்தனையின் கீழ் தெரியும், பொதுவாகத் தெரியாது” என்று சொல்லுங்கள். அது முழு மதிப்புள்ள பதில். நெறியாளர் குறுக்கிட்டு உங்களுக்காகப் பதில் சொல்வதுதான் அவையில் உங்கள் மதிப்பைக் குறைக்கும்.

கேள்வி: ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு ஒரு துணைத்தேற்றத்தின் நிரூபணத்தில் ஓட்டை தெரிகிறது. தேர்வாளர்கள் கவனிக்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா? (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: கூடாது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிரூபணம் இல்லாமல் கிடந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் அறிவித்தார். கட்டுரையைச் சரிபார்த்தபோது ஓட்டை தெரிந்தது. 1993 டிசம்பரில் அதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தன் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அடைத்தார். இன்றே நெறியாளரிடம் சொல்லுங்கள். அந்தத் துணைத்தேற்றத்தை நம்பி நிற்பவை எவை என்று பட்டியலிடுங்கள். நிபந்தனையை வலுப்படுத்தினால் நிற்கிறதா என்று ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பாருங்கள். அவையில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை வெளியிடும் சோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேடு ஏறிய பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள்.

கேள்வி: இரண்டு புறத்தேர்வாளர்களில் ஒருவர் நிராகரித்துவிட்டார். இனி என்ன? (ஆய்வாளர், திருநெல்வேலி)

பதில்: எந்த ஆண்டு பதிவு செய்தீர்கள் என்று எழுதவில்லை. 2022 விதிமுறையென்றால் ஆய்வேடு இன்னொரு புறத்தேர்வாளருக்குப் போகும்; அவர் ஏற்றால்தான் வாய்மொழித் தேர்வு. பழைய பதிவென்றால் உங்கள் பல்கலைக்கழக விதியைப் படியுங்கள்.

கேள்வி: டிசம்பர் 22, தேசியக் கணித நாளில் பள்ளி மாணவர்களுக்கு இராமானுஜன் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். 1729 கதையோடு தொடங்கலாமா? (கல்லூரி ஆசிரியை, ஈரோடு)

பதில்: டாக்சி எண் 1729 பற்றிய அந்தக் கதையை அவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். கணிதத்தைக் கொடுங்கள். 4 என்ற எண்ணை எத்தனை வழிகளில் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வழிகள். இதை மாணவர்களே கரும்பலகையில் எழுதட்டும். 9-ஐப் பிரிக்க 30 வழிகள், 14-க்கு 135, 19-க்கு 490. எல்லாம் ஐந்தால் வகுபடும். 4-இலோ 9-இலோ முடியும் எந்த எண்ணுக்கும் இப்படித்தான் என்று நிரூபித்தவர் இராமானுஜன். நிரூபணத்தைத் தொட வேண்டாம். அடுத்து 5-ஐப் பிரிக்கச் சொன்னால் ஏழு வழிகள் வரும். இங்கே மட்டும் ஏன் வகுபடவில்லை என்று அவர்களே கேட்பார்கள். அதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள். முதல் கேள்வியை ஆசிரியர்கள் கேட்க விடாதீர்கள்.