ஜாவா மொழி, சோமாலி மொழி: மகளின் ஆய்வுத் தலைப்பைக் கேட்டுப் பதறிய அப்பாவுக்கு

ஐயா, வணக்கம்.

மகள் மொழியியல் எம்.ஏ. முதலாண்டு படிக்கிறாள், ஆய்வேட்டுக்கு ஜாவா மொழியையும் (கணினி மொழி அல்ல, இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பேசுவது) கிழக்கு ஆப்பிரிக்காவின் சோமாலியையும் ஒப்பிடப் போகிறேன் என்கிறாள், இதைப் படித்தால் யார் வேலை தருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் தலைப்பில் இருக்கும் ஊர்ப் பெயர்களைப் பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அதன் அகலத்தைப் பார்த்துத்தான் பயம்.

முதலில் வேலை. ஜாவா மொழியை ஏழு, எட்டுக் கோடிப் பேர் பேசுகிறார்கள். சோமாலி பேசுகிறவர்கள் இரண்டு கோடிக்குச் சற்று மேல். அப்படியானால் ஜாவா மொழிக்குத்தானே கிராக்கி அதிகம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஜாவாக்காரர்கள் அலுவலகத்திலும் பள்ளியிலும் இந்தோனேசிய மொழியைப் பயன்படுத்துகிறார்கள். ஜாவா மொழி வீட்டுக்கும் சந்தைக்கும் மேடைக்கும். அதனால் வெளியூர்க்காரர் அவர்களோடு தொழில் செய்ய ஜாவா மொழி தேவைப்படுவதில்லை. சோமாலியோ சோமாலியாவின் ஆட்சி மொழி. எத்தியோப்பியாவின் கிழக்கிலும் கென்யாவின் வடகிழக்கிலும் ஜிபூட்டியிலும் பேசப்படுகிறது. 1991-க்குப் பிறகு போரால் சிதறியவர்கள் லண்டன், டொராண்டோ, மினியாபொலிஸ் என்று குடியேறினார்கள். அங்கே மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் சோமாலி மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

உடனே மகளை சோமாலி மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த வேலைக்கு அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருடம் படித்துவிட்டு அவர்களோடு போட்டி போட முடியாது. உங்கள் மகள் விற்கப் போவது சோமாலியும் அல்ல, ஜாவாவும் அல்ல. தனக்குத் தெரியாத மொழி ஒன்றைக் கையில் கொடுத்தால் அதன் ஒலியையும் இலக்கணத்தையும் பிரித்துக் காட்டும் திறமை. பேச்சுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் சம்பளம் கொடுப்பது அதற்குத்தான். பல்கலைக்கழகங்கள் தேடுவதும் அதைத்தான்.

அந்தத் திறமை வளர இந்த இரண்டு மொழிகள் உதவுமா? உதவும், ஒரே ஒரு இழையைப் பிடித்துக்கொண்டால். 'இரு மொழிகள் ஓர் ஒப்பீடு' என்று எழுதினால் ஆய்வேடு கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆகிவிடும்: எல்லாம் இருக்கும், எதுவும் வயிற்றில் நிற்காது. இரண்டும் உறவு மொழிகளும் அல்ல. ஜாவா மொழி மலாய், பிலிப்பைன்ஸின் தகலாக் மொழிகளின் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம்; சோமாலி ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பத்தின் குஷிட்டிக் கிளை, தூரத்தில் அரபுக்குச் சொந்தம். பொது மூலம் தேடிக் கிளம்பினால் நேர விரயம். (ஜாவாவின் பழைய எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது என்பது உண்மை. 'அப்போ அது தமிழ்தான்' என்று யாராவது சொன்னால், எழுத்து வேறு, மொழி வேறு என்று சொல்லிவிட்டு நகரச் சொல்லுங்கள்.)

நான் பிடிக்கச் சொல்லும் இழை இது. ரோமன் எழுத்தில் எழுதும்போது இரண்டு மொழிகளிலும் 'டி', 'எச்' சேர்த்து (dh) எழுதும் ஒலி ஒன்று உண்டு. நம் 'ட' போல நாக்கை மடித்துச் சொல்வது. ஜாவா மொழியில் நாக்குப் பல்லில் பட 'வெதி' என்றால் பயம். நாக்கை மடித்து 'வெடி' என்றால் மணல். சோமாலியில் 'தார்' கட்டடம், 'டார்' சத்தியம். ஐரோப்பிய மாணவர்கள் பலர் இந்த வேறுபாட்டைக் காதில் பிடிக்கவே மாதக்கணக்கில் திணறுவார்கள். உங்கள் மகளுக்கு அது பிறவிச் சொத்து. பதிவுகளை எடுத்து, பிராட் என்ற இலவச மென்பொருளில் போட்டு, அந்த ஒலி இரு மொழியிலும் எப்படி வேறுபடுகிறது என்று அளந்தால், அது நேர்முகத் தேர்வில் மேசைமேல் வைத்துக் காட்டக்கூடிய வேலை.

மரியாதைச் சொல்லைப் பற்றித்தான் எழுதுவேன் என்று அவள் அடம்பிடித்தாலும் தப்பில்லை. ஜாவா மொழியில் அது பெரிய கடல். தம்பியிடம் 'மங்ஙான்' என்றால் சாப்பிடுவது. பெரியவரைப் பற்றிப் பேசும்போது அதுவே 'டஹர்'. நான் சாப்பிட்டதைப் பெரியவரிடம் பணிவாகச் சொன்னால் 'நெட'. தனக்கு 'டஹர்' போட்டுக்கொண்டால் சிரிப்பார்கள். நாம் 'சாப்பிட்டியா, சாப்பிட்டீங்களா' என்று விகுதியை மாற்றுகிறோம். அவர்கள் சொல்லையே மாற்றுகிறார்கள். பெருமாள் அமுது செய்தார் என்கிறோமே, அதை வீட்டுத் தாத்தாவுக்கும் சொல்வது போல. ஆனால் சோமாலியில் இந்த அளவுக்கு ஏதும் இல்லை, ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் ஒலி மேல் என்கிறேன்.

சோமாலிக்கு ரோமன் எழுத்து அதிகாரபூர்வமாக வந்தது 1972-ல்தான். தொண்டையிலிருந்து வரும் 'ஐன்' ஒலிக்கு 'சி' (c) எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். அதனால் அலி என்ற பெயரை அவர்கள் எழுதும்படி (Cali) பார்த்தால் 'காலி' என்று நாம் படிப்போம். பதிவுகளைக் கேட்கும் முன் இதை அவள் பழகிக்கொள்ள வேண்டும்.

பேசுகிறவர்கள் கிடைப்பார்களா? ஹைதராபாத், பெங்களூரு, புனேயில் சோமாலிய மாணவர்கள் படிக்கிறார்கள். ஜாவாக்காரர்கள் கிடைப்பது சிரமம். எம்.ஏ. முடித்ததும் இந்தோனேசிய அரசின் தர்மசிஸ்வா உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மாணவர்கள் அங்கே தங்கி மொழியும் கலையும் கற்க உதவுவது, பட்டம் கிடையாது. அதற்கு முன் இந்தோனேசிய மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். ஜாவாவில் வேலை செய்ய அதுதான் சாவி.

அப்புறம், கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் மொழியியல் தனிப் பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. உங்களுக்கு உண்மையிலேயே நிம்மதி தரக்கூடியது இதுதான். இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே தயாராகட்டும். பேச்சுப் பயிற்சி சிகிச்சையாளர் ஆகிவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், அதற்குத் தனிப் பட்டம் வேண்டும்.

இன்று இரவு மகளிடம் 'வெதி'யையும் 'வெடி'யையும் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரே பக்கத்தில் ஒரு கேள்வியாக ஆய்வுத் திட்டத்தை எழுதி எனக்கு அனுப்பட்டும். அதில் 'ஒப்பீடு' என்ற சொல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.