ஏ.சி. அறையில் கடல் மீன்

கேள்வி: அண்ணே, அறுபது லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன், ஒரு இறால். மாலையில் பி.எச். 8.1 இருக்கிறது. விடிகாலையில் 7.7. அந்த நேரம் மீன்கள் மேலே வந்து வாயை வாயைப் பிளக்கின்றன. கடையில் பி.எச்.சை ஏற்றும் பஃபர் பொடி தந்தார்கள். போட்ட அன்று ஏறுகிறது, மறுநாள் பழையபடி இறங்கிவிடுகிறது. கே.எச்., அதாவது அமிலத்தைத் தாங்கும் கார அளவு, இப்போது 11. சிப்பித் தூள் போட்டால் நிற்குமா? தொட்டி படுக்கையறையில் இருக்கிறது, இரவில் ஏ.சி. ஓடும். பூனைக்குப் பயந்து கண்ணாடி மூடி போட்டிருக்கிறேன்.
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: தம்பி, இன்றே பொடியை நிறுத்துங்கள். கடலிலேயே கே.எச். 7 பக்கம்தான். உங்களிடம் 11 இருக்கும்போது காரம் போதவில்லை என்று எப்படிச் சொல்வது? இன்னும் கொட்டினால் சுண்ணாம்பு பிரிந்து மோட்டாரில் வெள்ளையாகப் படியும். சிப்பித் தூளும் உதவாது, பி.எச். எட்டையொட்டி இருக்கும் கடல்நீரில் சிப்பி கரைவதில்லை.

உங்கள் பி.எச்.சை இறக்குவது கரியமில வாயு. மீன், இறால், கல்லில் இருக்கும் பாக்டீரியா எல்லாம் இரவு முழுக்க மூச்சுவிடுகின்றன. வெளிச்சம் இல்லாததால் பாசி அந்த வாயுவை எடுத்துக்கொள்வதில்லை. அது நீரில் கரைந்து அமிலமாகிறது. வெளியேற ஒரே வழி நீரின் மேல்பரப்பு. அதைக் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறீர்கள். ஆக்சிஜன் உள்ளே வர வேண்டியதும் அதே வழியில்தான். மீன் வாய் பிளப்பதும் பி.எச். இறங்குவதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான்.

அறையும் சேர்ந்துகொள்கிறது. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுழற்றிக் குளிர்விக்கிறது. கதவை அடைத்துத் தூங்கினால் நீங்கள் விடும் மூச்சும் அங்கேயே சேரும். அந்தக் காற்றை ஏர் பம்ப் எவ்வளவு ஊதினாலும் நீரில் இருக்கும் வாயு ஓரளவுக்கு மேல் குறையாது.

குறை அறையிலா தொட்டியிலா என்று தெரிய ஒரு சோதனை. விடிகாலையில் இரண்டு டம்ளர் தொட்டி நீர் எடுங்கள். ஒன்றில் அறைக்குள்ளேயே ஒரு மணி நேரம் காற்று ஊதுங்கள், மற்றொன்றில் மொட்டை மாடியில். பிறகு இரண்டையும் அளந்து பாருங்கள். மாடி நீர் மட்டும் ஏறினால் அறைக் காற்றுதான் காரணம். இரண்டும் ஒரே அளவு ஏறினால் தொட்டியின் மேல்பரப்பு சரியில்லை. உங்கள் விவரத்தைப் பார்த்தால் இரண்டிலும் கொஞ்சம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கண்ணாடியை எடுத்துவிட்டு, சட்டத்தில் கொசுவலை இழுத்துக் கட்டுங்கள். பூனையும் வராது, மீனும் துள்ளி விழாது. நீரைச் சுழற்றும் சின்ன மோட்டாரான பவர்ஹெட்டின் வாயைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, மேல்பரப்பு முழுக்கச் சிற்றலை ஓடும்படி வையுங்கள். நுரை தள்ள வேண்டாம், நீர் புரண்டால் போதும். தீனியின் எண்ணெய் மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும்; ஒரு தாளை மேலே விரித்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். ஏர் பம்ப் காற்று இழுக்கும் இடத்தில் குழாய் செருக வசதி இருந்தால், அதை ஜன்னல் வழியே வெளியே விடுங்கள். இல்லையென்றால் பம்பையே மழை படாத வெளியிடத்தில், நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். மேலே இருந்தால், மின்சாரம் போனாலும் நீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்காது.

மூடியை எடுத்தால் நீர் அதிகம் ஆவியாகும். உப்பு தங்கிவிடும். ஆகவே ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. நீர்தான் ஊற்ற வேண்டும், கடல்நீர் கூடாது. நம் மாவட்டத்துக் கிணற்று நீரே பல இடங்களில் உப்பு, அதுவும் வேண்டாம். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, அந்தக் கோட்டுக்குத் தினமும் நிரப்புங்கள்.

வெயில் காலத்தை மறக்காதீர்கள். 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும்; 30 டிகிரியில் 6.2தான். சித்திரையில் மின்வெட்டு வந்தால் இத்தனை சின்னத் தொட்டி அதிக நேரம் தாங்காது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள்.

காலை பி.எச். 7.9க்கு மேல் நின்றால் மீன்களுக்கு அதுவே நல்லது. இரவும் பகலும் ஒரே எண் வேண்டுமென்று மெனக்கெட வேண்டாம். கே.எச். பழையபடி 8, 9க்கு இறங்க, வாரம் ஒருமுறை கொஞ்சம் நீர் மாற்றினால் போதும்.

கேள்வி: மண்டபத்தில் இருக்கிறேன். தொட்டிக்குக் கடலிலிருந்தே நீரும் பவளக் கல்லும் எடுக்கலாமா?
– இல்லத்தரசி, மண்டபம்

பதில்: நீர் எடுக்கலாம் அம்மா. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடக்கும், வடகடலில் (பாக் விரிகுடா) எடுங்கள். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் தென்கடலில். மழை பெய்த கையோடு எடுக்க வேண்டாம். பூங்கோரை எனும் நுண்பாசி படர்ந்து தண்ணீர் பச்சையாக இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். பூங்கோரை பெருத்தால் நீரில் ஆக்சிஜன் அற்றுப்போகும். எடுத்த நீரை வடிகட்டி, இருட்டில் மூடி, காற்று ஊதிச் சில நாள் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பவளம் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுத்தால் சிறைத் தண்டனை உண்டு. பாக்டீரியா குடியேற, கடையில் விற்கும் நுண்துளையுள்ள பீங்கான் வளையங்களே போதும்.