140 கட்டுரையா, 12 கட்டுரையா: வழிகாட்டியைத் தேர்வது

மருத்துவ மேற்படிப்பு ஆய்வேட்டுக்கு யாரை வழிகாட்டியாகக் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். ஒருவருக்கு 140 கட்டுரைகள், மற்றவருக்கு 12தான், ஆனால் தினமும் வார்டில் இருப்பவர். சரி, அந்த 140ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அவர் பெயரைப் போட்டு, ஆசிரியர் வரிசையில் எந்த இடத்தில் வருகிறார் என்று பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுவை நடத்தியவருடையது. எப்போதும் நடுவிலேயே வருகிறார் என்றால், நோயாளிகளையோ மாதிரிகளையோ கொடுத்து உதவியவராக இருக்கலாம். அதுவும் வேலைதான், ஆனால் ஆய்வை வடிவமைக்கத் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. ஒரே பெயரும் இனிஷியலும் உள்ள வேறொருவரின் கட்டுரைகளும் எண்ணிக்கையில் கலந்துவிடும். ஒவ்வொரு ஆய்வாளரையும் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண் அவருக்கு இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள்.

எத்தனை கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் எச்-இண்டெக்ஸைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவுகோல் அது. வயது ஏற ஏற ஏறும், இறங்கவே இறங்காது.

பதவிப் பெயரையும் கவனியுங்கள். சில பல்கலைக்கழகங்களில் ‘கிளினிக்கல் பேராசிரியர்’ என்றால் சிகிச்சையும் கற்பித்தலுமே முதன்மைப் பணி. உங்கள் தலைப்பு நோயாளிகளை நேரில் பின்தொடர்வது என்றால், நான் 12 கட்டுரைக்காரரிடம்தான் போவேன்.

அப்புறம், இருவரின் பழைய மாணவர்களிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்? என் வழிகாட்டி பெரிய ஆய்வாளர். ஒரு அத்தியாயம் நான்கு மாதம் அவர் மேசையிலேயே கிடந்தது.